கூட்டத்துக்கு வராதவர்களுக்கும் சேர்த்துத்தான் குழு

எங்கள் ஏரிக்கரை நடைபாதைச் சங்கத்துக்கு அடுத்த மாதம் தேர்தல். செயலாளர் பொறுப்பிலிருந்து நான் இறங்குகிறேன். ஒரே பொறுப்பில் இரண்டு முறைக்கு மேல் இருக்கக்கூடாது என்று எங்கள் பைலாவில் இருப்பதால் திரும்ப நிற்கவும் முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு நாலு விஷயம் எழுதிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போனது, சரி, இங்கேயே எழுதிவிடுவோம், கடலூர் பக்கமோ பாண்டிச்சேரி பக்கமோ வேறெங்காவது ஒரு குளக்கரையையோ ஆற்றங்கரையையோ சேர்ந்து பார்த்துக்கொள்ள நினைக்கிறவர்களுக்கும் உதவட்டும். உள்ளூர் வழக்குகளையும் சொல்லப்போகிறேன் என்பதால் ஏரியின் பெயரை எழுதவில்லை. கடலூரை ஒட்டிய ஏரி, அது போதும்.

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "காலைல நாலு பேரு நடக்குற பாதைக்கு எதுக்குக்கா சங்கம், தேர்தல், ஆடிட்டு? ஒரு வாட்ஸ்அப் குரூப் போதாதா?" முள் வெட்டுவதற்கும் குப்பை பொறுக்குவதற்கும் குரூப் போதும். ஞாயிறு காலை அரிவாளோடு வாருங்கள் என்று ஒரு மெசேஜ் போட்டால் வருகிறார்கள், சீமைக்கருவேலத்தை வெட்டுகிறார்கள், டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் "இந்தப் பாதையில் யார் வரலாம், யார் வரக்கூடாது" என்று ஒருவர் சொல்ல ஆரம்பிக்கும் நாள் ஒன்று கட்டாயம் வரும். அன்றைக்கு அந்த முடிவை யார் எடுக்கிறார்கள், எந்த அதிகாரத்தில் எடுக்கிறார்கள், பாதிக்கப்படுகிறவர் யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கெல்லாம் குரூப்பில் பதில் கிடையாது. அதிகம் டைப் செய்கிறவர் முடிவெடுப்பார். அதனால்தான் சங்கம் வேண்டும் என்கிறேன்.

முதலில் பாதை எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். பிள்ளையார் கோயிலிலிருந்து, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற கலங்கல் வரை ஏறக்குறைய 2 கிலோமீட்டர், ஏரிக்கரையின் மேலேயே கிராவல் போட்ட பாதை. காலை 5 மணிக்கு சுகர்காரர்களும் முட்டிவலிக்காரர்களும் வருவார்கள், அவர்களுக்கு நடுவே போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகும் பிள்ளைகள். 8 மணிக்கு மேல் மாடுகள் ஏறும். ஏரித் தண்ணீரில் பயிர் வைக்கிற ஆயக்கட்டு விவசாயிகள் மதகைப் பார்க்கப் போவார்கள், புல்லறுக்கிற பெண்கள் வருவார்கள், மீன் குத்தகை எடுத்தவரின் ஆட்கள் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவிலும் போவார்கள். காலனி மக்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழியும் இந்தக் கரைதான். நடைபயிற்சிக்காரர்களாகிய நாங்கள் இந்தக் கரைக்குக் கடைசியாக வந்து சேர்ந்தவர்கள். ஆனால் சங்கம் வைத்ததும், சந்தா கட்டுவதும், கூட்டத்துக்கு வருவதும் நாங்கள் மட்டும்தான். வரும் சிக்கல்கள் அத்தனைக்கும் வேர் இதில்தான் இருக்கிறது.

கரை எங்களுடையது இல்லை, அரசுடையது. இதைப் புது உறுப்பினர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும். எங்களிடம் இருப்பது பராமரிக்க அனுமதிக்கும் ஒரே ஒரு கடிதம், அதையும் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். நிரந்தரக் கட்டுமானம் கூடாது, கரையில் பள்ளம் தோண்டக்கூடாது, வழியை மறிக்கக்கூடாது, துறை நினைத்தால் ரத்து செய்யலாம் என்று நாலு நிபந்தனை. "நம்ம காசு, நம்ம உழைப்பு, இவங்க என்ன நமக்குக் கண்டிஷன் போடறது" என்று கோபப்படுகிறவர்கள் குழுவில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். எனக்கு அந்த நிபந்தனைகள் நியாயமாகவே படுகின்றன. கரையின் முதல் வேலை தண்ணீரைப் பிடித்து வைப்பது, நாம் நடப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். பேவர் பிளாக் போட வேண்டும் என்று ஒரு வருடம் முழுக்கப் பேசினார்கள். மேலே கல் பாவி மூடிவிட்டால் கரையில் விரிசல் விடுவதோ மண் உள்வாங்குவதோ மழைக்காலத்தில் கண்ணுக்குத் தெரியாது என்று லஸ்கர் ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது. மதகைத் திறந்து மூடுகிற மனிதர் அவர், எங்களில் யாரையும்விட அந்தக் கரையை அறிந்தவர்.

பாண்டிச்சேரி கடற்கரைச் சாலையை உதாரணம் காட்டுகிறவர்கள் உண்டு. அங்கே மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை, ஜனங்கள் நிம்மதியாக நடக்கிறார்கள், எந்தச் சங்கமும் இல்லையே என்பார்கள். அங்கே அரசே முடிவெடுத்து, அரசே தடுப்பு வைத்து, போலீஸை நிறுத்திப் பார்த்துக்கொள்கிறது. தமிழ்நாட்டிலும் 2023 நவம்பர் 4 அன்று "நடப்போம் நலம் பெறுவோம்" என்று 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தார்கள், நல்ல விஷயம். அரசு தானே நடத்துகிற பாதைக்குச் சங்கம் தேவையில்லை. அரசு இடத்தைத் தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்ளும்போதுதான் யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதி வைத்தாக வேண்டும்.

இதில் உலகம் முழுக்கப் பேசப்படுகிற உதாரணம் அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை. 14 மாநிலங்களைக் கடந்து ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர் போகிறது. 1925-ல் அமைப்பு தொடங்கி, 1937-ல் பாதை முழுதாக இணைந்தது. ஏறக்குறைய 30 சங்கங்கள் ஆளுக்கொரு பகுதியைப் பிரித்து எடுத்துக்கொண்டு பராமரிக்கின்றன. 1984-ல் தேசியப் பூங்காத் துறை, பாதை நிர்வாகத்தின் பெரும்பகுதியை அந்தத் தன்னார்வ அமைப்பிடம் ஒப்பந்தம் எழுதி ஒப்படைத்தது. தொண்டர்கள் மண்வெட்டியோடு இறங்கி அறுபது வருடம் ஆன பிறகு கிடைத்த காகிதம் அது. நமக்குப் பக்கத்தில் பெங்களூரு புட்டேனஹள்ளி ஏரியில் அக்கம்பக்கத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு டிரஸ்ட் வைத்து, 2011-ல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டு இடத்திலும் நான் கவனித்தது ஒன்றுதான்: எது அரசின் வேலை, எது தொண்டர்களின் வேலை என்று எழுத்தில் பிரித்து வைத்தார்கள். எங்கள் கடிதத்தில் அந்தப் பிரிப்பு பாதிதான் இருக்கிறது. கரையில் யாராவது வழுக்கி விழுந்து கால் உடைந்தால் யார் பொறுப்பு என்று அதில் ஒரு வரி கூட இல்லை. புதுக் குழு அடுத்த முறை புதுப்பிக்கும்போது அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி கேட் விவகாரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேட் போட வேண்டும் என்று கேட்டவர்களின் குறைகள் பொய் இல்லை. ராத்திரி குடித்துவிட்டு பாட்டிலை உடைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள், கோழிக்கடைக் கழிவை மூட்டை கட்டிக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள், பையன்கள் பைக்கில் சீறிக்கொண்டு போகிறார்கள், ஒருமுறை ஒரு அம்மாவின் செயினை அறுத்துவிட்டார்கள். அதற்கு அவர்கள் சொன்ன தீர்வு: இரண்டு முனையிலும் இரும்பு கேட், காலை 5 முதல் 8, மாலை 4 முதல் 7 மட்டும் திறப்பது, உறுப்பினர்களுக்கு அடையாள அட்டை, வருடம் 500 ரூபாய். கூட்டத்தில் கை தூக்கச் சொல்லியிருந்தால் அன்றைக்கே நிறைவேறியிருக்கும். அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அந்த நேரத்தில் மட்டுமே கரைக்கு வருகிறவர்கள், கேட் வந்தால் அவர்களுக்கு ஒரு இழப்பும் இல்லை.

அப்போது எங்கள் பொருளாளர், அதிகம் பேசாதவர், எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், 8 மணிக்குப் பூட்டிட்டா, காலனில சாவு விழுந்தா எந்தப் பக்கமா எடுத்துட்டுப் போவாங்க?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஒருவர், அப்போது சொன்னால் திறந்துவிடுவோம் என்றார். சொன்னால் திறந்துவிடுவது என்றால், இறந்தவரைத் தூக்கிக்கொண்டு போக ஒரு நடைபயிற்சிச் சங்கத்தின் சாவிக்காக ஒரு தெருவே காத்து நிற்க வேண்டும். எந்தத் தெரு காத்து நிற்கும் என்பது எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நான் அன்றைக்குச் செயலாளராக மினிட்ஸ் புக்கில் எழுதிய தீர்மானம் இன்னும் இருக்கிறது: "பாதையின் பயன்பாட்டை மாற்றும் எந்த முடிவும், அந்தப் பாதையைப் பயன்படுத்தும் பிறரை நேரில் கேட்ட பிறகே வாக்கெடுப்புக்கு வரும்." பெரும்பான்மை கை தூக்கியதாலேயே ஒரு முடிவு சரியாகிவிடாது. யார் யாருக்குக் கை தூக்க வாய்ப்பே இல்லை என்று பார்ப்பதுதான் குழுவின் முதல் வேலை என்று நான் நம்புகிறேன்.

கேட்கப் போனோம். சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் வரமாட்டார்கள், அதனால் நாங்களே அவர்கள் இருக்கிற இடத்துக்குப் போனோம். மாடு வைத்திருக்கிற ஒரு அம்மா சொன்னது: "நீங்க கேட்டு போட்டுட்டீங்கன்னா மாட்ட ரோட்டு மேலதான் ஓட்டிக்கினு போவணும். லாரி போற ரோடு அது. உங்களுக்குச் சாணி நாத்தம் ஆவலன்னா காலைல கூட்டிடச் சொல்லு, நான் கூட்டி எடுத்துக்கறேன், எனக்குத்தான் எரு ஆச்சு." ஆயக்கட்டுப் பெரியவர் ஒருவர் இன்னொன்று சொன்னார், எங்களில் யாருக்கும் தோன்றாதது. மழைக்காலத்தில் கரை உடைப்பெடுத்தால் மணல் மூட்டை ஏற்றிய டிராக்டரும் ஜேசிபியும் இந்தக் கரை மேல்தான் வரவேண்டும், கேட்டுக்குத் தூண் நட்டால் வண்டி எப்படி வரும் என்றார்.

கடைசியில் செய்தது இது. பைக் வேகமாகப் போக முடியாதபடி, ஆனால் மாடும் சைக்கிளும் பாடையும் தாராளமாகப் போகும்படி இடைவெளி விட்டு, கழற்றி எடுக்கக்கூடிய இரும்புக் குழாய்களை இரண்டு முனையிலும் வைத்தோம். அதன் சாவி ஒன்று லஸ்கரிடம், ஒன்று கோயில் பூசாரியிடம், ஒன்று காலனியில் ஒரு அண்ணனிடம். சங்கத்தில் யாரிடமும் தனியாகச் சாவி இல்லை, வேண்டுமென்றேதான் அப்படி வைத்தோம். குடிப்பது முழுதாக நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. கழிவு கொட்டுவதை நிறுத்த, கோழிக்கடைக்காரர்களிடமே போய்ப் பேசி, மாநகராட்சி வண்டி வரும் நேரத்தைச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தோம். கேட்டைவிட இதற்குத்தான் நேரம் அதிகம் பிடித்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது, அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது, கடலூரே தண்ணீரில் நின்றது. எங்கள் கரையில் மதகுக்குப் பக்கத்தில் மண் சரிய ஆரம்பித்தது. குழாய்களைக் கழற்றி வைத்தோம், டிராக்டர் மேலே ஏறி வந்தது, மூட்டை அடுக்கினார்கள். அந்தப் பெரியவரைப் போய்க் கேட்காமல் கேட் கட்டியிருந்தால் அந்த இரவில் முதலில் அதை இடிக்க வேண்டியிருந்திருக்கும்.

அந்த மழையில் இன்னொரு பாடமும் கிடைத்தது. ஆர்வம் மிகுந்த இரண்டு பையன்கள் நாங்களே மதகு ஷட்டரைத் தூக்கிவிடுகிறோம் என்று கிளம்பினார்கள். தடுத்து நிறுத்தினோம். ஷட்டரைத் தொடக்கூடாது, கரையில் கசிவைப் பார்த்தால் போட்டோவோடு யாருக்குத் தகவல் சொல்வது, இருட்டிய பிறகு யாரும் தனியாகக் கரை மேல் போகக்கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி இப்போது எல்லோரிடமும் கொடுத்திருக்கிறோம். நல்ல மனசோடு செய்வதாலேயே ஆபத்தான வேலை பாதுகாப்பானதாகிவிடாது. ஒருவர் உயிருக்கு ஏதாவது ஆனால் அப்புறம் அந்தச் சங்கத்துக்கு எந்தத் தாய் தன் பிள்ளையை அனுப்புவாள்?

பணம் பற்றிச் சொல்லாமல் முடியாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி 7 பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம், செயற்குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும், அவர்கள் பதவிக்காலம் 3 வருடத்துக்கு மேல் போகக்கூடாது, வருடாவருடம் பொதுக்குழு கூட்டிக் கணக்கை மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். பல நல்ல சங்கங்கள் பதிந்ததோடு சரி, அப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை. நாலைந்து வருடம் கழித்து ஒரு கம்பெனி சி.எஸ்.ஆர். பணம், அதாவது சமூகப் பொறுப்புக்கென்று ஒதுக்குகிற பணம், தர முன்வரும்போதுதான் தாக்கல் செய்யாத கணக்கெல்லாம் நினைவுக்கு வரும். 2021 ஏப்ரலிலிருந்து அந்தப் பணத்தை வாங்கும் அமைப்புக்குத் தனிப் பதிவெண்ணே வேண்டும், ஆடிட் இல்லாமல் எதுவும் நகராது.

ஆனால் கணக்கு காட்டுவது பதிவாளருக்காக மட்டும் இல்லை. எங்கள் வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே தாளில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டுகிறோம். கிராவல் இத்தனை யூனிட், கூலி இத்தனை, அரிவாள் சாணை பிடித்தது வரை. சந்தா கட்டாதவரும் அதைப் படிக்கலாம், கேள்வி கேட்கலாம். ஒருமுறை புல்லறுக்கிற அக்கா ஒருவர் பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "முள்ளு வெட்ன கூலி இவ்ளோ குடுத்திருக்கீங்களே, எங்கள கூப்ட்டிருந்தா நாங்க வந்திருப்போமே" என்றார். அடுத்த முறையிலிருந்து அவர்கள்தான் வெட்டுகிறார்கள்.

கிராவல் வாங்கியபோது வந்த சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று கொட்டேஷன் வாங்கினோம். குறைந்த விலை கொடுத்தவர் குழு உறுப்பினர் ஒருவரின் மைத்துனர். விலை உண்மையிலேயே குறைவு, சரக்கும் நல்ல சரக்கு, அந்த உறுப்பினரும் நேர்மையானவர். இருந்தாலும் அவர் உறவைக் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், முடிவெடுக்கும்போது வெளியே போய் உட்கார வேண்டும், அது மினிட்ஸில் பதிவாக வேண்டும் என்று கேட்டோம். "என்னைச் சந்தேகப்படறீங்களா?" என்று அவர் மனம் வருந்தினார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, பிள்ளைகள் கல்யாணத்துக்கெல்லாம் போய் வந்த பழக்கம். ஆனால் நாளைக்கு யாராவது டீக்கடையில் உட்கார்ந்து பேசினால் அவருக்குக் காவலாக நிற்கப் போவது அந்த மினிட்ஸ் பக்கம்தான் என்று சொன்னேன். வெளியே போய் உட்கார்ந்தார். இப்போது பைலாவிலேயே அது விதி.

இது ஏதோ வெளிநாட்டு நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். உத்திரமேரூர்க் கல்வெட்டு முதலாம் பராந்தக சோழன் காலத்தது, 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலை முறை என்று பள்ளியில் படித்திருப்போம், ஆனால் எதற்காக ஓலை எடுத்தார்கள் என்பதைக் கவனித்திருக்க மாட்டோம். தேர்ந்தெடுத்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம், 6 பேர். பதவிக்காலம் 360 நாள். வயது 35-லிருந்து 70-க்குள். முந்தைய 3 வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவர் திரும்ப வர முடியாது. வாரியத்தில் இருந்து கணக்கு காட்டாதவர் நிற்கவே முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது, எந்தெந்த உறவு என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். ஓர் ஏரியைப் பார்த்துக்கொள்ள இத்தனை விதியை ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த நாட்டில் இருந்துகொண்டு, எங்களுக்கு எதற்கு ஆடிட் என்று கேட்பது சரியில்லை. அதே கல்வெட்டில் சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்தான் நிற்கலாம் என்றும் இருக்கிறது, அது பிராமணர்களின் ஊர்ச்சபை. ஏரியில் இறங்கித் தூர் வாரியவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. கணக்கு பற்றிய விதியை அங்கிருந்து எடுத்துக்கொள்வோம், யார் உள்ளே வரலாம் என்பதில் அவர்களுக்கு நேர் எதிராகப் போவோம்.

அதனால்தான் எங்கள் 9 பேர் குழுவில் 2 இடம் சந்தாவுக்கு அப்பாற்பட்டது. ஒன்று ஆயக்கட்டு விவசாயிகள் சொல்கிறவருக்கு, ஒன்று மாடு, மீன், புல் என்று கரையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு. குறைந்தது 3 பெண்கள் என்றும் விதி. அந்த விதி வந்த பிறகும் முதல் வருடம் பெண்கள் கூட்டத்துக்கே வர முடியவில்லை, காரணம் கூட்டம் ஞாயிறு காலை 6.30-க்கு, நடை முடிந்த கையோடு. வீட்டில் காபி போட்டு, டிபன் செய்து, தண்ணீர் பிடித்து வைக்க வேண்டிய நேரம் அது. மாலை 4 மணிக்கு, பள்ளிக்கூட வராந்தாவில் என்று மாற்றியதும் வந்தார்கள். பெண்கள் ஆர்வம் காட்டுவதில்லை என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு அப்படிச் சொல்லவில்லை.

பெஞ்ச் விஷயம் சின்னது, சுருக்கமாகச் சொல்கிறேன். யார் பெஞ்ச் வாங்கிக் கொடுத்தாலும் "உபயம்" என்று பெயரை உள்ளங்கை அளவில் போடலாம். போட்டோ கூடாது, கட்சிக் கொடியின் நிறம் கூடாது, சாதிப் பட்டம் கூடாது. எல்லாக் கட்சிக்காரர்களும் இதில் எங்களிடம் கோபித்துக்கொண்டார்கள், எல்லோரையும் ஒரே மாதிரி மறுத்ததால் எல்லோரும் சமாதானமும் ஆனார்கள்.

மனதுக்கு மிகவும் கடினமாக இருந்தது சாரிடம் பேசியதுதான். ஓய்வுபெற்ற ஆசிரியர், இந்தப் பாதையைத் தனி ஆளாகத் தொடங்கியவர். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரையிலிருந்த மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன பிறகு, பனங்கொட்டை பொறுக்கிவந்து ஊன்ற ஆரம்பித்தவர் அவர். சார் இல்லை என்றால் பாதை இல்லை, அது அப்பட்டமான உண்மை. அதனாலேயே வங்கிக் கையெழுத்து அவர், அனுமதிக் கடிதம் அவர் வீட்டு பீரோவில், எந்த வேலைக்கு யாரைப் பிடிப்பது என்பது அவர் தலைக்குள். அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி மாதக்கணக்கில் ஓய்வில் இருந்தபோது சங்கமும் கூடவே படுத்துவிட்டது. கூலி கொடுக்கப் பணம் எடுக்க முடியவில்லை, கடிதத்தின் நகல்கூட எங்களிடம் இல்லை.

அவர் தேறி வந்ததும் நானும் பொருளாளரும் வீட்டுக்குப் போய்ப் பேசினோம். சார், நீங்கள் நட்ட பனை உங்களுக்கு அப்புறமும் நிற்க வேண்டும், சங்கமும் நிற்க வேண்டும் என்றோம். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாவி எடுத்துட்டுப் போங்கம்மா" என்றார். பெரிய மனசு வேண்டும் அதற்கு. இரண்டு முறைக்கு மேல் கூடாது என்ற விதியை அவரே பொதுக்குழுவில் முன்மொழிந்தார். இப்போது ஆலோசகராக இருக்கிறார், ஓட்டு இல்லை, ஆனால் அவர் பேசினால் எல்லோரும் கேட்போம். வங்கியில் மூவர் பெயர், எந்த இருவர் கையெழுத்து போட்டாலும் பணம் எடுக்கலாம். எல்லாக் காகிதமும் மூன்று நகல். பொறுப்பு மாறும்போது கைமாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் வாட்ஸ்அப் குரூப் அட்மினும் ஒன்று, சிரிக்க வேண்டாம், அதை வைத்து ஊரில் சங்கங்கள் இரண்டாக உடைந்திருக்கின்றன.

நோட்டீஸைப் பற்றி ஒரு வார்த்தை. பொதுக்குழுவுக்கு 21 நாள் முன்னதாக நோட்டீஸ் என்பது எங்கள் பைலா. குரூப்பில் போட்டதோடு விடாமல் டீக்கடையிலும், ரேஷன் கடையிலும், காலனி நுழைவிலும் ஒட்டுங்கள். என்னென்ன முடிவுக்கு வருகிறது என்று ஒரு வரி ஒரு வரியாக, எளிதாக எழுதுங்கள். "இதர விஷயங்கள்" என்ற தலைப்பில் எந்தப் பெரிய முடிவையும் எடுக்காதீர்கள். கூட்டம் முடிந்து பாதிப் பேர் எழுந்த பிறகு அந்தத் தலைப்பில்தான் எல்லா வம்பும் நிறைவேறும்.

இந்த முறை பொதுக்குழுவுக்கு வரும் பெரிய முடிவு விளக்கு. பாதை முழுக்க, கோயிலிலிருந்து கலங்கல் வரை, சோலார் விளக்குப் போட ஒருவர் பணம் தருகிறார். பெண்கள் விளக்கு கேட்கிறார்கள், அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது, மாலை 6 மணிக்கு மேல் இருட்டில் நடக்க எனக்கே பயம்தான். ஆனால் ஏரியின் நடுக்கரையில் இரவில் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் வந்து அடைகிற மரங்கள் இருக்கின்றன. அங்கே விடிய விடிய வெளிச்சம் போட்டால் அவை வேறு இடம் பார்த்துப் போய்விடும். கோயிலிலிருந்து மதகு வரை மட்டும், கீழ்நோக்கி எரிகிற விளக்கு, இரவு 8.30-க்கு அணைவது என்றால் நான் ஆதரித்து ஓட்டுப் போடுவேன். முழுக் கரைக்கும் என்றால் எதிர்த்துப் போடுவேன், பணம் எவ்வளவு வந்தாலும் சரி. இரவில் வலை விடுகிற மீன் குத்தகைக்காரரிடம் இதுவரை யாரும் கேட்கவில்லை. நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன் இந்த வாரம் நானே போய்க் கேட்டுவிட்டு, அவர் சொல்வதையும் மினிட்ஸில் எழுதிவிட்டுத்தான் புத்தகத்தைப் புதுச் செயலாளரிடம் கொடுப்பேன்.